சென்னையில் ஓர் ஊர்காண் நடை

நகரைக் காண்பது என்றால் நடந்து காண்பது என்றே பழந்தமிழ் இலக்கியம் கொண்டுள்ளது. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையின் தெருக்களைப் பகலும் இரவுமாகச் சுற்றிக் காட்டுகிறார். சிலப்பதிகாரத்திலோ ஒரு காதை முழுவதுமே இதற்கென அமைந்து, ஊர்காண் காதை என்று பெயர் பெற்றுள்ளது. கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் விட்டுக் கோவலன் மதுரையின் கோட்டை வாயிலைக் கடக்கிறான்; யவனர் வாளேந்திக் காக்கும் வாயில் அது. பின்னர் மணிகள் விற்கும் தெரு, பொன் விற்கும் தெரு, துணி விற்கும் தெரு, தானியம் விற்கும் தெரு என ஒன்றன்பின் ஒன்றாக நடந்து செல்கிறான். எந்தத் தெருவில் எவர் வாழ்ந்தனர், எதை விற்றனர் என்பதெல்லாம் அவன் நடையின் வழியாகவே படிப்பவருக்குத் தெரியவருகின்றன.

கோவலன் கண்ட அந்த மதுரையின் மாடங்கள் இன்று இல்லை. புகாரைக் கடல் கொண்டதென மணிமேகலை கூறும். நூல்கள் நின்றன, அவை பாடிய கட்டடங்கள் நில்லாதொழிந்தன. சென்னையின் நிலை இதற்கு மறுதலையானது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடமும் இந்நகரில் நிற்கிறது. அதன்முன் நின்று பார்ப்பவர்தாம் குறைவு. பேருந்தில் விரைவோருக்கு உயர்நீதிமன்றம் ஒரு சிவந்த மதில். நடுவண் தொடர்வண்டி நிலையம் ஒரு மணிக்கூண்டு.

இவையெல்லாம் வெள்ளையர் எழுப்பியவை, அடிமைக் காலத்தின் சின்னங்கள், இவற்றைக் காத்து ஆவதென்ன என்று வினவுவோரும் உண்டு. அவ்வினா எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. கட்டடத்தின் முகப்பில் ஆளுநர் பெயரும் பொறியாளர் பெயரும் இருக்கக் காண்பவர்க்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும் கோட்டையில் தொடங்கிக் கடற்கரைச் சாலை வரை நடந்து, ஒவ்வொரு கட்டடத்திடமும் இரண்டு வினாக்களைக் கேட்டால் விடை வேறாகிறது. இதை எழுப்பிய கைகள் யாவருடையவை? எழுப்பிய பின் இதைத் தமதாக்கிக்கொண்டவர் யாவர்? இக்கட்டுரை அவ்விரு வினாக்களின் வழியே செல்கிறது.

கோட்டையும் தேவாலயமும்

1639ஆம் ஆண்டு ஆகத்து 22ஆம் நாள் தாமர்ல நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிசு டே பெற்ற மணற்பாங்கான கரையில்தான் சென்னையின் வரலாறு தொடங்குவதாகப் பொதுவாகக் கூறப்படும். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் திருவொற்றியூரும் அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாடல் பெற்றிருந்த ஊர்கள் என்பதை மனத்திற்கொண்டே இக்கூற்றை ஏற்கவேண்டும். 1640 ஏப்பிரல் 23ஆம் நாள், புனித சியார்சு திருநாளில், கோட்டையின் முதற்பகுதி நிறைவெய்தியதால் அது அப்பெயர் பெற்றது.

கோட்டைக்குள் நடப்பவர் முதலில் காணவேண்டியது புனித மேரி தேவாலயமாகும். 1678இல் கால்கோள் செய்யப்பட்டு 1680 அக்டோபர் 28இல் திறக்கப்பெற்ற இது, இந்தியாவில் ஆங்கிலத் திருச்சபையினர் கட்டியவற்றுள் மிகப் பழமையானது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையில் மரவிட்டம் எதுவும் தென்படாது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் வளைவாக எழுப்பிய கூரை அது. 1758ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி இலாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அக்கூரையின் வலிமை சோதிக்கப்பட்டது, கூரை நின்றது. வணிகர் கட்டிய கோயிலும் அரணாகவே கட்டப்பட்டது என்பதிலிருந்து அக்காலத்தின் அச்சம் விளங்கும்.

தேவாலயத்தைச் சூழத் தரையில் பாவியுள்ள கல்லறைப் பலகைகள் தனிக் கவனத்துக்குரியவை. அவை முதலில் அங்கு இருந்தவையல்ல. கோட்டைக்கு வெளியே இருந்த இடுகாட்டின் கல்லறைகள் முற்றுகைக் காலத்தில் பகைவருக்கு மறைவிடமாகப் பயன்பட்டமையால், பின்னர் அவற்றின் பலகைகள் பெயர்த்துக் கொணர்ந்து இங்குப் பதிக்கப்பெற்றன. இலத்தீன், போர்த்துக்கீசியம், ஆர்மீனியம், ஆங்கிலம் எனப் பல மொழி எழுத்துகள் காலடியில் கிடக்கின்றன. எத்தனை நாட்டு மாந்தர் இக்கரையில் வந்து மறைந்தனர் என்பதைக் குனிந்து பார்ப்பவரே அறிவர்.

தேவாலயத்தின் அருகே சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அமைந்துள்ளன. முகப்பிலுள்ள கருங்கல் தூண்களுக்கும் ஒரு பயண வரலாறு உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அத்தூண்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த பிறகு அவை மீண்டும் சென்னைக்கு வந்தன. சென்னை வீழ்ந்த அந்த ஆண்டின் நிகழ்ச்சிகளைப் புதுச்சேரியிலிருந்து நாள்தோறும் தமிழில் எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. சென்னையில் பிறந்த அவருடைய நாட்குறிப்பு, கோட்டையின் கதையைத் தமிழ்க் கண்ணால் கண்ட சான்றாக விளங்குகிறது.

இக்கோட்டைக்குள் நிகழ்ந்த இன்னொரு நிகழ்ச்சியை நடப்பவர் மறத்தலாகாது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் 1967 சூலை 18ஆம் நாள் நிறைவேறியது இங்குள்ள சட்டமன்றத்திலேதான். துணி வணிகத்துக்காக அயலார் எழுப்பிய அரணுக்குள்ளிருந்து தமிழ்நாட்டின் பெயர் ஒலித்தது. கட்டியவர் கருதிய பயன் ஒன்று, காலம் தந்த பயன் மற்றொன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அழிந்த ஊரின்மேல் எழுந்த மன்றம்

கோட்டையின் வடக்கே வந்தால் சிவந்த மாடங்களும் குவிந்த கலசங்களும் கொண்ட உயர்நீதிமன்றம் எதிர்ப்படுகிறது. அதன் அழகில் ஈடுபடுமுன் அது நிற்கும் நிலத்தைப் பற்றி அறிதல் வேண்டும். அந்நிலம் வெற்று நிலமாக இருந்ததில்லை. நெசவாளரும் வணிகரும் துபாசிகளும் வாழ்ந்த பழைய கறுப்பர் பட்டணம் அங்கேதான் இருந்தது. கறுப்பர் பட்டணம் என்பது ஆங்கிலேயர் இட்ட பெயர். 1746 முதல் 1749 வரை நகரைத் தம்மிடம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர், கோட்டை மதிலையொட்டிய வீடுகளை இடித்தனர். நகரை மீளப் பெற்ற ஆங்கிலேயர் எஞ்சியவற்றையும் படிப்படியாக அகற்றினர். பகைவன் மறைந்து வருவதற்கு வீடுகள் இடந்தரக்கூடாது என்பதே காரணம்.

வீடுகளோடு பட்டணத்தின் பெருங்கோயிலாகிய சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிபட்டது. மக்களின் மனக்குறையைத் தீர்க்கக் கம்பெனி வேறிடம் தந்தது. துபாசி மணலி முத்துக்கிருட்டிண முதலியார் முன்னின்று பொருளுதவ, 1760களில் தேவராச முதலி தெருப் பகுதியில் சென்னகேசவர் கோயிலும் சென்னமல்லீசுவரர் கோயிலும் அருகருகே எழுந்தன. பட்டணம் கோயில் என்று மக்கள் வழங்கும் அவ்விணைக் கோயில்களில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. ஊர் இடம்பெயர்ந்தபோது தெய்வமும் உடன் பெயர்ந்தது. வெறுமையாக்கிய நிலத்தில் மீண்டும் எவரும் வீடு கட்டாதிருக்க 1773இல் எல்லைக் கற்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில், ஒரு வணிக நிறுவனக் கட்டடத்தின் ஓரத்தில் எஞ்சியுள்ளது. நாள்தோறும் பல்லாயிரவர் அதைக் கடந்து செல்கின்றனர். அதுவே ஓர் ஊர் இடிபட்டதற்கான கற்சான்று என்பதைச் சொல்லக் கேட்டாலன்றி அறிதல் அரிது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அந்த வெற்றிடத்தில் எழுந்தது உயர்நீதிமன்றம். பிராசிங்டன் வகுத்த வரைவை என்றி இர்வின் திருத்தி நிறைவு செய்தார். 1892 சூலை 12ஆம் நாள் திறக்கப்பட்ட இதற்கு ஏறத்தாழ 13 இலட்சம் ரூபாய் செலவாயிற்று. கட்டுமானப் பணியை ஏற்று முடித்தவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். முகலாயர் மாடங்களையும் ஐரோப்பியர் அறையமைப்பையும் இணைத்த இப்பாணியை இந்தோ-சாரசனிக் என்பர். அதன் உயர்ந்த கோபுரம் 175 அடி உயரமுடையது. 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. வளாகத்திலேயே 1844இல் ஏற்றப்பட்ட அதற்கு முந்திய விளக்கத் தூணும் தனித்து நிற்கிறது. நீதியும் கடலும் ஒரே கூரையைப் பகிர்ந்துகொண்ட காட்சி வேறெங்கும் எளிதில் காணக்கிடைப்பதன்று.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைமீது குண்டு வீசியது. எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன. நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது. அஞ்சிய மக்கள் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். கப்பல் சில திங்களில் அழிந்தது. அதன் பெயரோ தமிழ்ப் பேச்சில் தங்கிவிட்டது. அடங்காதவனையும் அஞ்சத்தக்கவனையும் ‘அவன் பெரிய எம்டன்’ என்னும் வழக்கு அன்று பிறந்ததே. ஒரு சொல்லின் வேரைத் தேடுவோர் அகராதியோடு நில்லாமல் இவ்வளாகத்தையும் ஒருமுறை வலம்வரலாம்.

அரண்மனைக்காரன் தெரு

நீதிமன்றத்தின் எதிரே தொடங்குவது 1911இல் சியார்சு டவுன் என்று பெயர் மாறிய புதிய பட்டணம். முத்தியாலுப்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்பன அதன் பழைய பிரிவுகள். தம்புச் செட்டித் தெரு, இலிங்கிச் செட்டித் தெரு, கோடவுன் தெரு எனத் தெருப்பெயர்களே ஒரு வணிக வரலாற்றைச் சொல்கின்றன. அவற்றுள் மிகச் சுவையானது அரண்மனைக்காரன் தெரு என்பது. அத்தெருவில் எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனியர் வாழ்ந்தமையால் ஆங்கிலத்தில் ஆர்மீனியன் தெரு என்று வழங்கியதைத் தமிழ் மக்கள் தம் நாவுக்கேற்ப அரண்மனைக்காரன் என்று ஆக்கிக்கொண்டனர். அயற்சொல்லுக்கு ஒலியொப்புமையால் உள்நாட்டுப் பொருள் கொடுக்கும் இவ்வியல்பை மொழிநூலார் விரித்துரைப்பர். சென்னையில் அது ஒரு தெருவின் பெயர்ப்பலகையாகவே நிற்கிறது.

அத்தெருவிலுள்ள ஆர்மீனியத் தேவாலயம் 1772இல் இப்போதைய வடிவம் பெற்றது. மணிக்கூண்டு தேவாலயத்தினின்றும் விலகித் தனியே நிற்கும். அதில் ஆறு பெருமணிகள் உள்ளன. முற்றத்தில் கல்லறைகளுக்கிடையே நடப்பவர் அருத்தியூன் சுமாவோனியன் என்னும் குருவின் கல்லறையைக் காணலாம். உலகின் முதல் ஆர்மீனிய இதழாகிய அசுதராரை 1794இல் சென்னையிலிருந்து வெளியிட்டவர் அவரே. தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில், தமிழ் வழங்கும் தெருவில், ஓர் இனத்தின் இதழியல் பிறந்தது. இன்று ஆர்மீனியர் குடும்பங்கள் இங்கு இல்லை. தேவாலயமும் தெருப்பெயரும் அவர்கள் வாழ்ந்ததைச் சொல்லுகின்றன.

அங்கிருந்து சிறிது நடந்தால் இன்று நேதாசி சுபாசு சந்திரபோசு சாலை எனப்படும் பழைய சீனக் கடைத்தெருவில் பச்சையப்பன் மண்டபத்தைக் காணலாம். ஏதென்சு நகரின் பழங்கோயிலொன்றைப் பின்பற்றிய கிரேக்கத் தூண்கள் கொண்ட இம்மண்டபம் 1850இல் திறக்கப்பட்டது. துபாசியாகப் பொருளீட்டிய பச்சையப்ப முதலியார் 1794இல் மறையுமுன் எழுதிவைத்த அறக்கொடையிலிருந்து உருவான கல்வி நிலையத்துக்கு உரியது இது. கிரேக்கத் தூணுக்குப் பின்னே இருந்த பொருள் தமிழரின் அறப்பொருள். அந்தக் கல்லூரியில் 1906இல் சேர்ந்து பயின்றவர் கணித மேதை இராமானுசன். கல்லூரி 1940இல் சேத்துப்பட்டுக்கு இடம்பெயர்ந்தது. கடைகளின் விளம்பரப் பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே மண்டபத்தின் தூண்களைக் காணச் சாலையின் எதிர்ப்புறம் சென்று நிற்கவேண்டியுள்ளது.

இராசப்ப செட்டித் தெருவிலுள்ள கந்தகோட்டமும் இந்நடையில் விடத்தக்கதன்று. இளமையில் ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் நாள்தோறும் வந்து வழிபட்ட கோயில் இது. தெய்வமணிமாலை இக்கோயில் முருகன்மீது பாடப்பெற்றது. கோயிலுக்கும் அவர் வாழ்ந்த வீராசாமிப் பிள்ளை தெருவுக்கும் இடையேயுள்ள தொலைவைக் கால்களால் அளப்பவர்க்கு அப்பாடல்கள் பிறந்த ஊர் எவ்வளவு நெருக்கமானது என்பது புலனாகும்.

இசையும் நாடகமும் நூலும்

மேற்கே நடந்தால் நடுவண் தொடர்வண்டி நிலையமும் அதனருகே விக்டோரியா பொதுமன்றமும் ரிப்பன் மாளிகையும் வரிசையாக நிற்கின்றன. நிலையம் 1873இல் திறக்கப்பட்டது. பொதுமன்றம் சிசோம் வரைந்த வடிவில் நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தது. விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழா நினைவாகப் பெயர் பெற்று 1888இல் திறக்கப்பட்டது. ஆனால் அம்மன்றம் தமிழருக்குப் பொருளுடையதானது அரசியின் பெயரால் அன்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தோற்றுவித்த சுகுண விலாச சபையின் நாடகங்கள் இங்கு நடிக்கப்பெற்றன. கூத்தாடிகள் என்று நாடகக் கலைஞரை இகழ்ந்த காலத்தில் கற்றறிந்தோர் வேடம் புனைந்து ஏறிய மேடை இது. 1897இல் விவேகானந்தர் தம் எதிர்காலத் திட்டத்தைச் சென்னை மக்களுக்கு விளக்கிப் பேசியதும் இம்மன்றத்திலேயே.

ரிப்பன் மாளிகை 1909இல் கால்கோள் செய்யப்பட்டு 1913இல் திறக்கப்பட்டது. ஆரிசு என்னும் பொறியாளர் வரைந்தார். உலோகநாத முதலியார் ஏழரை இலட்சம் ரூபாயில் கட்டினார். உள்ளாட்சி உரிமைக்கு வித்திட்ட ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்கி, மாநகராட்சியின் அலுவலகமாக இன்றும் அது விளங்குகிறது.

இவ்வரிசையில் நான்காவதாக நின்ற ஒன்று இன்று இல்லை. 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985 மே 30ஆம் நாள் தீக்கிரையானது. பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற இடம் அது. கிடைத்தற்கரிய தமிழ் நூல்கள், பழைய இதழ்த் தொகுதிகள், எவரோ கையெழுத்திட்டுப் பரிசளித்த படிகள் ஆகியவற்றை மிகக் குறைந்த விலைக்கு அங்கு வாங்கித் தம் நூலகத்தைத் தொகுத்த ஆய்வாளர் பலர். அக்கட்டடத்தோடு நூல்களும் சாம்பலாயின. அந்நிலத்தில் புறநகர்த் தொடர்வண்டி நிலையம் எழுந்தது. ஒரு கட்டடம் அழியும்போது சுவர் மட்டுமே அழிவதாகக் கருதுவோர்க்கு இந்நிகழ்ச்சி போதிய விடையாகும்.

வெற்றி மண்டபம் விடைபெறும் மண்டபமானது

நிலையத்திலிருந்து தெற்கே கூவத்தைக் கடந்து அண்ணா சாலையை அடைந்தால் அரசினர் தோட்டத்தில் இராசாசி மண்டபம் உள்ளது. 1802இல் கோல்டிங்காம் கட்டிய விருந்து மண்டபம் இது. திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டினப் போரின் வெற்றியைக் கொண்டாட எழுப்பப்பட்டது. ஆளுநரின் விருந்தினரன்றி மற்றையோர் அதன் அகன்ற படிகளில் கால்வைக்க இயலாத காலம் ஒன்றிருந்தது.

விடுதலைக்குப் பின் அதன் பெயர் மாறியது, பயனும் மாறியது. 1969இல் அறிஞர் அண்ணாவின் உடல் அப்படிகளின்மேல் வைக்கப்பட்டபோது கண்ணீரோடு திரண்டவர் எண்ணிலடங்கார். 1987இல் எம்.சி.ஆர்., 2016இல் செயலலிதா, 2018இல் கலைஞர் கருணாநிதி ஆகியோரின் உடல்களும் அங்கேயே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. திப்புவின் தோல்வியைக் கொண்டாட எழுந்த மண்டபத்தைத் தமிழ் மக்கள் தம் தலைவர்களுக்கு விடைகொடுக்கும் இடமாக மாற்றிக்கொண்டனர். இதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. வரிசையில் நின்ற மக்களின் கால்களே அம்மாற்றத்தைச் செய்தன.

அதே தோட்டத்தில் ஆளுநர் வாழ்ந்த பழைய அரசினர் இல்லமும் இருந்தது. 2010இல் திறக்கப்பட்ட புதிய சட்டமன்றக் கட்டடத்துக்காக அது இடிக்கப்பட்டது. அப்புதிய கட்டடமும் பின்னர் மருத்துவமனையாயிற்று.

கடற்கரைச் சாலை

சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி 1768இல் கட்டிய அரண்மனை, கலச மகால், உமாயூன் மகால் என இரு பகுதிகளை உடையது. கடைசி நவாபு 1855இல் மறைந்த பின் அது அரசின் கைக்கு வந்தது. இரண்டையும் இணைத்துச் சிசோம் எழுப்பிய கோபுரமும் அவ்வரண்மனையின் வளைவுகளைக் கண்டு அவர் கற்றவையும் இந்தோ-சாரசனிக் பாணிக்கு வழிவகுத்தன என்பர். 2012 சனவரியில் கலச மகால் தீப்பற்றி எரிந்தது. தீயை அணைக்கச் சென்ற தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். கூரை விழுந்து சுவர்கள் மட்டும் நின்ற நிலையிலும் அதை இடித்துத் தள்ளாமல், பழைய முறைப்படி சுண்ணாம்பு கொண்டு மீட்டெடுத்தது பொதுப்பணித் துறை. மனமிருந்தால் இயலும் என்பதற்கு அது சான்று.

அடுத்து நிற்பது பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றக் கட்டடம். 1874 முதல் 1879 வரை சிசோம் மேற்பார்வையில் உருவான அதன் வண்ணக் கண்ணாடிகளும் நான்கு மூலைக் கோபுரங்களும் புகழ்பெற்றவை. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அதுவும் பல்கலைக்கழகத்தின் நூற்றைம்பதாம் ஆண்டையொட்டிப் புதுப்பொலிவு பெற்றது.

1870இல் எழுந்த மாநிலக் கல்லூரிக் கட்டடமும் சிசோம் கைவண்ணமே. தமிழ் பயில்வோர்க்கு அது வேறொருவர் இடம். 1903 முதல் 1919 வரை டாக்டர் உ. வே. சாமிநாதையர் அங்குத் தமிழாசிரியராக விளங்கினார். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர்ஊராக அலைந்து சிந்தாமணியையும் சிலம்பையும் மணிமேகலையையும் அச்சேற்றியவர், அக்கல்லூரியின் வகுப்பறைகளில் பாடம் சொன்னார். அவருடைய சிலை கல்லூரி முற்றத்தில் கடலை நோக்கி நிற்கிறது. வளைவுகளை வரைந்தவர் அயலவர். அவ்வளைவுகளுக்குக் கீழே ஒலித்தது தமிழ்.

இச்சாலையின் தென்பகுதியிலுள்ள இராணி மேரி கல்லூரி 1914இல் கேப்பர் இல்லம் என்னும் பழைய மாளிகையில் தொடங்கப்பெற்றது. சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரி இது. பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாயிருந்த நாளில் அதன் வாயிலைக் கடந்தவர்கள் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வெளிவந்தனர். 2003இல் அவ்வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் அமைக்கத் திட்டமிடப்பட்டபோது மாணவியர் கல்லூரிக்குள்ளேயே தங்கிப் போராடினர். முன்னாள் மாணவியரும் ஆசிரியர்களும் துணைநின்றனர். திட்டம் கைவிடப்பட்டது. சென்னையின் பழங்கட்டடங்களுக்காக நிகழ்ந்த போராட்டங்களில் வல்லுநர் குழுவினதோ வழக்கறிஞரதோ அல்லாமல் பெண்மக்களின் உறுதியால் வென்றது இது. கேப்பர் இல்லம் பின்னாளில் இடிக்கப்பட்டது, கல்லூரி நின்றது. கட்டடத்தைக் காத்தவர்க்கு அது செங்கல்லாகத் தோன்றவில்லை; பாட்டிக்கும் தாய்க்கும் மகளுக்கும் கல்வி கிடைத்த வாயிலாகவே தோன்றியது.

சுண்ணாம்பும் செங்கல்லும் கைகளும்

முதல் வினாவுக்கு, அதாவது எழுப்பிய கைகள் யாவருடையவை என்பதற்கு, இனி வருவோம். சிசோம், இர்வின் ஆகியோர் திறன் மறுக்கத்தக்கதன்று. எனினும் வரைவு தாளில் இருப்பது. அதைச் சுவராக்கியவர் கொத்தனாரும் சித்தாளும் தச்சரும் கல்தச்சரும் ஆவர். சூளை என்னும் பகுதியின் பெயரே செங்கற்சூளைகளை நினைவூட்டும்.

சென்னைச் சுண்ணாம்பின் புகழ் ஐரோப்பியப் பயணிகளின் எழுத்துகளில் பேசப்பட்டது. கிளிஞ்சல்களைச் சுட்டு நீற்றிய வெண்சுண்ணத்தை நன்மணலோடு அரைத்துப் பல பூச்சுகளாகப் பூசுவர். இறுதிப் பூச்சில் முட்டையின் வெண்கருவும் தயிரும் சேரும். பின்னர் வழுவழுப்பான கல்லால் நெடுநேரம் தேய்த்து மெருகேற்றினால் பூச்சு சலவைக்கல்போல் மின்னும். தூணைத் தொட்டுப் பார்த்தே அது கல்லா சுண்ணாம்பா என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பொறியியல் நூல்கள் பெயரிட்டுக் கூறும் மச்சுத்தளமும் இந்நகரின் கைத்திறனே. தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குறுக்குச்சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பால் இணைப்பர். அதன்மேல் செங்கல் உடைசலும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்புவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டுவர். தட்டத் தட்டக் கலவை இறுகும்; இறுதியில் தட்டோடு பாவி முடிப்பர். வெயிலின் கொடுமையைத் தாங்கி உள்ளே தண்மை தரும் இத்தளத்தின் உறுதிக்குப் பெண்களின் கையுழைப்பே காரணம். அவர்கள் பெயர் எந்த அடிக்கல்லிலும் இல்லை.

ஒப்பந்தக்காரர் பெயராவது எஞ்சியுள்ளது. நம்பெருமாள் செட்டியார் உயர்நீதிமன்றத்தோடு சட்டக் கல்லூரி, கன்னிமரா நூலகம் முதலிய பலவற்றையும் கட்டினார். சேத்துப்பட்டில் அவருக்குரிய இல்லமொன்றிலேயே 1920இல் இராமானுசன் இறுதி மூச்சை விட்டார்.

இக்கைத்திறனை மறந்ததன் விளைவைச் சுவர்களே காட்டுகின்றன. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளியிடும் இயல்புடையது. பழுது பார்ப்பதாக எண்ணி அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துச் செங்கல் பொடிந்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். விரிசலில் பறவையிட்ட அரசவிதை முளைத்து வேரூன்றினால் சில மழைக்காலங்களில் சுவர் பிளக்கும். பின்னர் கட்டடம் பழுதடைந்துவிட்டது, இடிப்பதே நன்று என்று முடிவு செய்யப்படும். பழுதுக்கு முதுமையினும் தவறான மருத்துவமே பெருங்காரணம் என்பதை நடந்து பார்ப்பவர் தெருத்தோறும் காணலாம்.

எஞ்சியவற்றின் நிலை

அண்ணா சாலையில் புகழ்பெற்றிருந்த பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983இல் எரிந்து, அவ்விடத்தில் வணிக வளாகம் தோன்றியது. அதே சாலையில் 1897இல் கட்டப்பெற்ற பாரத் இன்சூரன்சு கட்டடத்தை இடிக்கும் பணி 2006இல் தொடங்கியபோது ஆர்வலர்கள் நீதிமன்றத்தை நாடினர். இடிப்பு நிறுத்தப்பட்டது. 2010இல் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதைக் காக்க ஆணையிட்டதோடு, நகரின் பழங்கட்டடங்களை ஆராய்ந்து காக்கும் குழுவுக்கும் வழிசெய்தது. 1892இல் தானே ஒரு பழங்கட்டடமாகத் தோன்றிய நீதிமன்றம் மற்றொரு பழங்கட்டடத்துக்கு அடைக்கலம் தந்தது பொருத்தமே. 2012இல் மாநில மரபுடைமை ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது.

சட்டம் பெருங்கட்டடங்களைக் காக்கலாம். ஏழுகிணற்றின் திண்ணை வீட்டையும், முத்தியாலுப்பேட்டையின் மரத்தூண் மாடத்தையும் காப்பது எளிதன்று. அவை தனியார் உடைமை, பங்காளிகள் பலர், நிலத்தின் விலையோ பெரிது. பழைய வீட்டைப் பேணும் செலவு முழுவதையும் உரிமையாளர் மீதே சுமத்திவிட்டு, இடித்தாய் என்று பழிப்பது அறமாகாது. வரிச்சலுகையும் சுண்ணாம்பு வேலை அறிந்த கைவினைஞரும் கிடைத்தால் காக்க விரும்புவோர் இல்லாமற் போகார். கைவினைஞர் மறைந்தால் பொருளிருந்தும் பயனில்லை. ஆதலின் கட்டடத்தைக் காப்பதற்கு முன் கரணை பிடிக்கும் கையைக் காத்தல் வேண்டும்.

நிறைவாக

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இந்நடை தரும் விடை இதுவே. இக்கட்டடங்களுக்கு ஆணையிட்டவர் அயலவர். பணியேற்று முடித்தவரும் சுண்ணாம்பு அரைத்தவரும் மச்சுத் தட்டியவரும் இம்மண்ணின் மக்கள். அவற்றுள் பாடம் கற்றவரும், நாடகம் நடித்தவரும், நீதி கேட்டவரும், தலைவர்க்கு விடைகொடுத்தவரும் அவர்களே. அடிமைக் காலத்தை மறைக்க வேண்டுவதில்லை. சென்னகேசவர் கோயில் இடிபட்ட நிலத்தின்மேலேதான் உயர்நீதிமன்றம் நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எல்லைக்கல்லும் நீதிமன்றமும் பட்டணம் கோயிலும் இருக்கும்வரைதான் அக்கதையை இடத்தைக் காட்டிச் சொல்ல இயலும்.

இந்நடையைத் தொடங்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. வெயிலேறுமுன் கோட்டையருகே இறங்கி, கடைகள் திறக்குமுன் அரண்மனைக்காரன் தெருவை அடைந்தால், பலகைகளும் கூட்டமும் மறைக்காத முகப்புகளைக் காணலாம். கல்லூரிகள் தம் மாணவரை ஆண்டுக்கு ஒருமுறை இவ்வழியே அழைத்துச் சென்று, ஒவ்வொருவரும் ஒரு தெருவின் வீடுகளையும் பெயர்க்காரணத்தையும் முதியோர் சொல்லும் செய்திகளையும் தமிழில் எழுதிவரச் செய்யலாம். பத்தாண்டுகளில் அவ்வேடுகள் ஒரு நகரின் வரலாறாகத் திரளும். கோவலன் கண்ட மதுரைக்கு இளங்கோவடிகள் இருந்தார். சென்னையின் தெருக்களும் அத்தகைய எழுத்துக்குக் காத்திருக்கின்றன.